மேற்கு மாம்பலம்: பூங்காச் சீரமைப்பில் முதியோருக்காக முதலில் எதைக் கேட்க வேண்டும்?

கேள்வி: மாம்பலவாசி

அனைவருக்கும் வணக்கம். மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெருவுக்கு அருகில் உள்ள சிறிய பூங்காவைச் சீரமைக்க நிதி ஒதுக்கப்படவிருக்கிறது. குடியிருப்போர் நலச் சங்கம் தன் கோரிக்கைகளை எழுத்து வடிவில் தந்தால் அவற்றைத் திட்டத்தில் சேர்க்க முயல்வதாக எங்கள் வார்டு உறுப்பினர் சொல்லியிருக்கிறார். சங்கக் கூட்டத்தில் இதுவரை வந்த யோசனைகள் திறந்தவெளி உடற்பயிற்சிக் கருவிகள், செயற்கை நீரூற்று, வண்ண விளக்குகள், நுழைவாயில் வளைவு ஆகியவை. இவற்றில் எதற்கும் நான் எதிரி இல்லை. ஆனால் எங்கள் பகுதியில் அறுபது வயதைத் தாண்டியவர்கள் மிகுதி. பிள்ளைகள் வெளிநாட்டிலோ, பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய அடுக்ககங்களிலோ குடியேறிவிட, பழைய வீட்டில் கணவனும் மனைவியுமாகவோ தனியாகவோ வாழ்பவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். அந்தப் பூங்காவில் அவர்களை அதிகம் காண முடிவதில்லை.

என் தாயாருக்கு வயது 74. முழங்கால் தேய்மானம் உண்டு. ஆனாலும் வீட்டுக்குள் கைத்தடி இல்லாமல் நடப்பார். வீட்டிலிருந்து பூங்கா நானூறு மீட்டர் தொலைவுதான். "பார்க்கெல்லாம் எனக்குச் சரிப்படாதும்மா" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார், காரணம் சொல்வதில்லை. மாலையில் வாசற்படியில் அமர்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பதே அவருடைய வெளியுலகம் ஆகிவிட்டது. பெரிய பூங்காக்களான பனகல் பூங்காவும் நடேசன் பூங்காவும் ரயில் பாதைக்கு அந்தப் புறம், தியாகராய நகரில் இருக்கின்றன. துரைசாமி சுரங்கப்பாதை வழியாகவோ மாம்பலம் ரயில் நிலையத்து நெரிசலைத் தாண்டியோ அங்கே போய்வருவது இவரைப் போன்றவர்களால் ஆகாத காரியம். மெட்ரோ பணிக்காகப் பனகல் பூங்காவின் ஒரு பகுதியும் எடுக்கப்பட்டுவிட்டது. ஆகவே இந்தச் சிறிய பூங்காதான் எங்களுக்கு எல்லாமே.

எனக்கு இரண்டு கேள்விகள். இருக்கும் குறைந்த பணத்தில் முதியோருக்காக எதை முதலில் கேட்க வேண்டும்? பூங்கா முதியோரின் உடல்நலத்தில் உண்மையாகவே மாற்றம் தருகிறது என்று சங்கத்தின் மற்ற உறுப்பினர்களிடம் எடுத்துச்சொல்ல என்ன ஆதாரம் இருக்கிறது? அனுபவமுள்ளவர்கள் விரிவாக எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


பதில் 1: ஓய்வுபெற்ற பொறியாளர்

அம்மா, உள்ளாட்சிப் பொறியியல் பணியில் இருந்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். பூங்காவுக்குள் என்ன வைக்கலாம் என்று யோசிப்பதற்கு முன்னால், உங்கள் வீட்டு வாசலில் இருந்து பூங்கா வாயில் வரையிலான அந்த நானூறு மீட்டரைத் தாயாரின் வேகத்தில் ஒருமுறை நடந்து பாருங்கள். அவர் ஏன் வருவதில்லை என்பதற்கான விடையில் பாதிக்கு மேல் அந்த வழியிலேயே கிடைக்கும் என்பது என் உறுதியான கருத்து.

மாம்பலம் போன்ற பழைய பகுதிகளில் நடைபாதை என்பது ஒரு வீட்டின் முன் தொடங்கி அடுத்த வீட்டின் கார் ஏற்றச் சரிவில் முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் மின்பெட்டி, மழைநீர் வடிகாலின் தூக்கிய மூடி, நிறுத்திவைத்த இருசக்கர வண்டி, இளநீர்க் கடை. சாலைத் தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2012-இல் வெளியிட்ட பாதசாரி வசதிகளுக்கான வழிகாட்டு நெறிகள் (ஐஆர்சி 103) தடையின்றி நடப்பதற்கான அகலம் குறைந்தது 1.8 மீட்டர் இருக்க வேண்டும் என்றும், நடைபாதையின் விளிம்புக்கல் 150 மில்லிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது என்றும் சொல்கின்றன. ஒவ்வொரு முறை சாலைக்கு மேல்பூச்சு போடும்போதும், பிறகு வடிகால் கட்டும்போதும் மட்டங்கள் மாறிக்கொண்டே போவதால், முழங்கால் வலி உள்ளவர் ஏறி இறங்க முடியாத உயரத்துக்கு நடைபாதை போய்விடுகிறது. அவர் சாலையிலேயே நடக்கிறார். பின்னால் ஒலிப்பான் அடிக்கிறார்கள். இரண்டு நாள் அப்படி நடந்த பிறகு வெளியே வருவதை நிறுத்திவிடுகிறார்.

அடுத்தது சாலையைக் கடப்பது. போக்குவரத்து விளக்குகளுக்கு நேரம் கணக்கிடும்போது மனிதர் நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்று வைத்துக்கொள்வது வழக்கம். முழங்கால் தேய்ந்த ஒருவர் நொடிக்கு 0.8 மீட்டர் நடந்தாலே நன்று. பதினைந்து மீட்டர் அகலச் சாலையைக் கடக்க முதல் கணக்கில் பன்னிரண்டரை நொடி போதும். உங்கள் தாயாருக்கு ஏறத்தாழ பத்தொன்பது நொடி ஆகும். அந்த ஆறேழு நொடி அவர் சாலையின் நடுவில் நிற்கிறார். வழியில் ஒரு பெரிய தெருவைக் கடக்க வேண்டியிருந்தால், அந்த இடத்தில் சாலையை நடைபாதை மட்டத்துக்கு உயர்த்திய கடப்புப் பாதை வேண்டும் என்பதை உங்கள் மனுவின் முதல் கோரிக்கையாக வையுங்கள். வண்டிகளுக்கு அது வேகத்தடையாகவும் இருக்கும், முதியவருக்கு ஏறி இறங்கும் வேலையும் இருக்காது. வழியில் நூறு மீட்டருக்கு ஒன்றாவது, ஏதாவது ஒரு மதிலை ஒட்டி, உட்காரும் திண்டு கேளுங்கள். இடையில் உட்கார்ந்து போகலாம் என்ற நம்பிக்கை இருந்தால்தான் பலர் புறப்படவே துணிவார்கள்.

இனி வாயில். இருசக்கர வண்டிகள் உள்ளே வரக் கூடாது என்பதற்காகப் பல பூங்காக்களில் குறுகிய வளைவு வழியோ இரும்புக் குழாய்த் தடுப்போ வைத்துவிடுகிறார்கள். நோக்கம் நல்லதுதான். ஆனால் சக்கர நாற்காலிக்கும் நாற்கால் ஊன்றுகோலுக்கும் 90 சென்டிமீட்டர் இடைவெளியாவது வேண்டும். ஒரு ஸ்கூட்டர் அதைவிடக் குறைவான அகலத்திலேயே நுழைந்துவிடும். தடுப்பின் அளவை மாற்றி மட்டும் இதைத் தீர்க்க முடியாது. காவலாளி இருக்கும் நேரத்தில் அகலமான கதவு திறந்திருக்க வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். வாயிலில் படி இருந்தால், ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற சரிவில் சாய்தளம் வேண்டும். பதினைந்து சென்டிமீட்டர் உயரத்துக்கு 1.8 மீட்டர் நீளச் சரிவு என்று பொருள். ஒப்பந்தக்காரர்கள் பெரும்பாலும் அரை மீட்டரில் முடித்துவிடுவார்கள். அப்படிப்பட்ட செங்குத்துச் சரிவைவிடக் கைப்பிடியுள்ள படியே பாதுகாப்பானது.

உள்ளே அமரும் பலகைகளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். சாய்மானமில்லாத சிமெண்ட் திண்டுகளைக் கட்டுவது மலிவு. அதனால் அவையே எங்கும் இருக்கின்றன. உட்காரும் உயரம் சுமார் 45 சென்டிமீட்டர், முதுகுச் சாய்மானம், இருபுறமும் கைப்பிடி ஆகிய மூன்றும் இல்லாத இருக்கையில் முழங்கால் வலிக்காரர் உட்காரலாம், எழுந்திருக்க முடியாது. கைப்பிடியை ஊன்றித்தான் அவர் எழுகிறார். எஃகு இருக்கைகளைத் தவிர்க்கச் சொல்லுங்கள். சென்னை வெயிலில் மாலை ஐந்து மணிக்கும் அவை சுடும்.


பதில் 2: இயன்முறை மருத்துவர்

மேலே பொறியாளர் ஐயா எழுதியதை முழுமையாக ஏற்கிறேன். உடல்நலப் பக்கத்தில் இருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன்.

ஆதாரம் கேட்டிருக்கிறீர்கள். டோக்கியோவில் 1903, 1908, 1913, 1918 ஆகிய ஆண்டுகளில் பிறந்த 3,144 பேரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2002-இல் வெளியானது. வீட்டருகே உலாவுவதற்கேற்ற இடமும் மரங்கள் அடர்ந்த தெருக்களும் பூங்காவும் உள்ளவர்கள் ஐந்தாண்டுக்குப் பின்னும் உயிரோடிருக்கும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது என்பது அதன் முடிவு. வயது, பாலினம், திருமண நிலை, பொருளாதார நிலை ஆகியவற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் அந்த வேறுபாடு நீடித்தது. இத்தகைய ஆய்வு ஒரு தொடர்பைக் காட்டுகிறதே தவிர, பூங்காதான் ஆயுளை நீட்டியது என்று நிறுவிவிடாது. சங்கத்தில் பேசும்போது அந்த எச்சரிக்கையோடு சொல்லுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட முதியோருக்கு உகந்த நகரங்களுக்கான வழிகாட்டியில், எட்டுத் துறைகளில் முதலாவதாக வைக்கப்பட்டிருப்பதே வெளியிடங்களும் கட்டடங்களும்தான். அந்த வழிகாட்டிக்காகக் கருத்துக் கேட்கப்பட்ட நகரங்களில் புது தில்லியும் உதய்ப்பூரும் உண்டு. அதே நிறுவனத்தின் ஐரோப்பியக் கிளை, வீட்டிலிருந்து 300 மீட்டருக்குள், அதாவது ஐந்து நிமிட நடைக்குள், அரை முதல் ஒரு ஹெக்டேர் பசுமை வெளி இருக்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. மேற்கு மாம்பலத்தின் நெருக்கத்தில் அந்த அளவு நிலம் கிடைக்காது; ஆனால் தொலைவைப் பற்றிய அந்தக் கணக்கு இங்கும் பொருந்தும்.

முதியவர்களைப் பொறுத்தவரை நடப்பதைவிடவும் தடுமாறாமல் நிற்பதும் திரும்புவதும் முக்கியம். வாரத்தில் மூன்று நாட்களாவது சமநிலைப் பயிற்சி வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டின் உலக சுகாதார நிறுவனப் பரிந்துரை சொல்கிறது. நம் பூங்காக்களில் வைக்கப்படும் கருவிகள் பெரும்பாலும் இளைஞருக்கானவை. இடுப்பைச் சுழற்றும் தட்டும், கால்களை வீசி ஆடும் கருவியும், எலும்பு மெலிந்த எழுபது வயதுப் பெண்ணுக்கு ஆபத்தானவை. அந்தப் பணத்தில் பாதிக்கும் குறைவாகச் செலவழித்து, இடுப்பு உயரத்தில் இரு இணைக் கைப்பிடிகளும், தாழ்வான மூன்று படிகளும், பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி நிற்பதற்கு ஒரு நீண்ட கம்பியும் வைத்தால் பெரும் பயன் கிடைக்கும்.

எட்டு வடிவ நடைபாதையில் கூழாங்கற்களைப் பதிப்பது இப்போது பரவலாகிவிட்டது. இதைப் பற்றிக் கவலையோடு எழுதுகிறேன். நீரிழிவு நீண்ட காலமாக உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். அவர்கள் வெறுங்காலுடன் கூழாங்கல்லில் நடந்தால் தோல் கிழிந்தது தெரியாது. புண் ஆறாமல் போய், விரலை எடுக்க வேண்டிய நிலைமை வந்தவர்களைச் சிகிச்சையில் பார்க்கிறேன். கேட்கும்போது எட்டு வடிவப் பாதை மட்டும் கேளுங்கள், கல் வேண்டாம். தரை, ஈரத்திலும் வழுக்காத சொரசொரப்பான பரப்பாக இருக்கட்டும். பளபளப்பான ஓடு எந்தக் காரணத்துக்கும் கூடாது.

கழிப்பறை இல்லாத பூங்காவுக்கு முதியவர் வரமாட்டார். இரத்த அழுத்தத்துக்குச் சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை எடுப்பவர்கள் பலர். வெளியே கிளம்ப வேண்டும் என்பதற்காகக் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமலேயே வருபவர்கள் உண்டு. அந்த நீரிழப்பே தலைச்சுற்றலுக்கும் விழுவதற்கும் காரணமாகிறது. பல முதியவர்கள் இதை வெளியே சொல்லக் கூச்சப்படுவார்கள். உங்கள் தாயார் காரணம் சொல்லாததற்கு இதுவும் ஒன்றாக இருக்கலாம்; மென்மையாகக் கேட்டுப் பாருங்கள்.


பதில் 3: மயிலைப் பாட்டி

மகளே, எனக்கு வயது 76. மயிலாப்பூரில் இருக்கிறேன். மேலே இருவரும் எழுதியது சரி. ஆனால் நேரத்தைப் பற்றி யாரும் எழுதவில்லை, அதனால் நான் எழுதுகிறேன்.

காலை ஐந்தரை முதல் எட்டு மணி வரை பூங்காவில் நடப்பவர்களைப் பாருங்கள். என் வயது ஆண்கள் நிறையப் பேர் இருப்பார்கள். என் வயதுப் பெண்கள் எத்தனை பேர்? அந்த நேரத்தில் நாங்கள் டிகாக்ஷன் போட்டு, பேரப்பிள்ளைகளின் சாப்பாட்டு டப்பாக்களைக் கட்டி, மருமகளையோ மகளையோ வேலைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறோம். வேலைகள் ஓய்ந்து, மாத்திரை போட்டு, "சற்று வெளியே போய் உட்காரலாமே" என்று தோன்றுகிற நேரம் பகல் பதினொரு மணி. அப்போது எங்கள் வீட்டருகே உள்ள சிறிய பூங்கா பூட்டியிருக்கும். பத்து மணிக்குப் பூட்டி நான்கு மணிக்குத் திறப்பார்கள். காரணம் கேட்டால், பகலில் காதல் ஜோடிகளும் குடிப்பவர்களும் வருவார்கள் என்கிறார்கள். ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில்தான் அதெல்லாம் நடக்கும். நாலு பாட்டிகள் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தால் அங்கே யார் வந்து குடிக்கப் போகிறார்கள்?

பூங்கா பூட்டியிருக்கும் காலத்தில் எங்களைப் போன்றவர்களுக்குத் திறந்தவெளியாக இருந்தது கோயில் பிராகாரம்தான். கபாலீசுவரர் கோயிலில், புன்னை மரத்தருகே, மண்டபத்துத் தூணில் சாய்ந்துகொண்டு மாலை முழுதும் பேசிக்கொண்டிருப்பவர்களை இன்றும் பார்க்கலாம். உங்கள் பக்கத்தில் அயோத்தியா மண்டபத்துக்கு உபந்நியாசம் கேட்க வருகிறவர்களில் பாதிப் பேர் துணை தேடி வருகிறவர்கள் என்பேன். ஆனால் கோயிலும் உச்சிப்பொழுதில் நடை சாத்திவிடும். எல்லா மதத்தினரும் அங்கே வந்து உட்காரவும் முடியாது. பூங்கா ஒன்றுதான் எல்லோருக்கும் பொது.

இருக்கைகளை எப்படிப் போடுகிறார்கள் என்பதையும் கவனியுங்கள். பாதையின் ஓரமாக, ஒன்றுக்கு ஒன்று இருபதடி தள்ளி, எல்லாம் ஒரே திசையைப் பார்த்தபடி இருக்கும். காது மந்தமான இருவர் அப்படி உட்கார்ந்து பேச முடியாது. முகத்தைப் பார்த்தால்தான் உதட்டசைவில் பாதிப் பேச்சு புரியும். இரண்டு பலகைகளை எதிரெதிராகவோ, மூலைவாட்டாகவோ போட்டு, நடுவில் ஒரு சக்கர நாற்காலி நிற்க இடம் விடச் சொல்லுங்கள். நிழல் பார்த்துப் போடச் சொல்லுங்கள். வரைபடத்தில் மரம் இருக்கும், மாலை நான்கரை மணிக்கு அந்த மரத்தின் நிழல் பக்கத்து வீட்டு மதிலில் விழும்.

மரம் என்றதும் இன்னொன்று. 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் அடித்துவிட்டுப் போன மறுநாள் எங்கள் தெரு மொட்டையாக நின்றது. அதற்குப் பிறகு நட்டதெல்லாம் அழகுக்கான பனைகளும் குட்டைச் செடிகளும். புங்கனும் வேம்பும் பூவரசும் கேளுங்கள். நாவல் மரம் எனக்குப் பிடித்த மரம், ஆனால் நடைபாதைக்கு மேல் வேண்டாம். ஆடியில் பழம் உதிர்ந்து நசுங்கினால் அந்தப் பாதையில் கால் வைக்க முடியாது.

நாய்களைப் பற்றியும் எழுதியாக வேண்டும். எனக்கு நாய்கள் மீது வெறுப்பு இல்லை. ஆனால் கைத்தடியோடு நடப்பவரைப் பார்த்துத் தெரு நாய் குரைக்கும்; பயந்து ஒரு அடி பின்னால் வைத்தால் விழுவோம். கருத்தடையும் தடுப்பூசியும் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பதும் பூங்கா பராமரிப்பில் சேர்ந்ததுதான்.

நாகேஸ்வர ராவ் பூங்காவில் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒலிபெருக்கி இல்லாமல் குழந்தைகள் பாடுவார்கள். கேட்பதற்கென்று வருகிற முதியவர்களில் சிலர் வேறு எந்த நாளும் வீட்டை விட்டு வெளியே வராதவர்கள். பத்துப் பேர் கூடுகிற ஒரு காரணம் இருந்தால் தாயார் தானாக வருவார்.


பதில் 4: ஜூரோங் தமிழன்

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். பொறியாளர் ஐயா சொன்ன கடக்கும் நேரச் சிக்கலுக்கு இங்கே 2009-இல் ஒரு வழி கொண்டுவந்தார்கள். மூத்த குடிமக்களுக்கான பயண அட்டையைப் போக்குவரத்து விளக்குக் கம்பத்தில் உள்ள கருவியில் தொட்டால், சாலையின் அகலத்துக்கேற்ப மூன்று முதல் பதின்மூன்று நொடி வரை பச்சை விளக்கு கூடுதலாக எரியும். முதியவர்கள் மிகுந்த பகுதிகளில் 2014 முதல் வண்டிகளின் வேகத்தைக் குறைத்து, சாலை நடுவே நின்று போகத் திட்டு அமைத்து, தனி மண்டலங்களாக அறிவித்துவருகிறார்கள். 2016-இல் ஹார்ட்பார்க் என்ற பூங்காவில் முதல் மருத்துவத் தோட்டம் திறக்கப்பட்டது. மறதிநோய் உள்ளவர்களும் வழி தவறாமல் சுற்றி வருவதற்கேற்ற பாதை, நின்றபடியோ சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியோ மண்ணைக் கிளறிச் செடி வைக்க உயர்த்திக் கட்டிய பாத்திகள் அங்கே உண்டு.

இங்குள்ள பண வசதியைச் சென்னையோடு ஒப்பிட நான் விரும்பவில்லை. உயர்த்திய பாத்தி மட்டும் உங்கள் பூங்காவில் எளிதாகச் செய்யக்கூடியது. செங்கல் வைத்து இடுப்பு உயரத்தில் ஒரு தொட்டி கட்டினால் போதும். துளசியும் கற்பூரவல்லியும் வைத்துத் தண்ணீர் ஊற்றும் பொறுப்பை முதியவர்களிடம் கொடுங்கள், அதற்காகவே வருவார்கள்.


பதில் 5: கோவை நடையர்

ஒரு மாற்றுக் கருத்து. முதியோருக்கென்று பூங்காவின் ஒரு மூலையைத் தடுத்துத் தரும்படி கேட்டுவிடாதீர்கள். சில இடங்களில் அப்படிச் செய்து, அந்த மூலை முதலில் வெறிச்சோடி, பிறகு பழைய சாமான்கள் போடும் இடமாகிவிட்டதைப் பார்த்திருக்கிறேன். கோவை ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் காலையிலும் மாலையிலும் எல்லா வயதினரும் ஒரே வட்டத்தில் சுற்றுகிறார்கள். வேகமாக ஓடுபவரால் முதியவருக்குச் சில சமயம் இடைஞ்சல் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனாலும் கல்லூரிப் பிள்ளைகளும் குழந்தை வண்டியும் பலூன்காரரும் கலந்த கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதற்காகவே ஓரத்தில் உட்கார வருகிற பெரியவர்கள் இருக்கிறார்கள். குழந்தைகள் விளையாடும் இடம் கண்ணில் படும்படி, பந்து வந்து விழாத தொலைவில் முதியோர் இருக்கைகளை வையுங்கள். பேரனை அழைத்துக்கொண்டு வருகிற தாத்தாவுக்கு அதுதான் வசதி.


மாம்பலவாசி (கேள்வி கேட்டவர்)

எல்லோருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. கழிப்பறை பற்றிப் படித்தபின் அம்மாவிடம் கேட்டேன். அதுதான் முதல் காரணம். கைப்பிடி இல்லாத திண்டில் உட்கார்ந்து ஒருமுறை எழ முடியாமல் வேறொருவர் கைகொடுக்க வேண்டியிருந்தது இரண்டாவது. இத்தனை காலம் சொல்லாமலேயே இருந்திருக்கிறார்.

சங்கத்தில் பேசியபோது இரண்டு தடைகள் வந்தன. பகலில் பூங்காவைத் திறந்துவைக்கக் காவலாளி ஒருவர் போதாது, இன்னொரு பணிமுறைக்கு (ஷிப்ட்) ஆள் வேண்டும் என்கிறார்கள். கழிப்பறை கட்டிவிடலாம், யார் சுத்தம் செய்வது என்கிறார்கள். மேலும் ஒரு மூத்த உறுப்பினர், இந்தச் சிறு பூங்காவுக்குப் பதில் பெரிய புதுப் பூங்காவுக்கு இடம் கேட்கலாமே என்கிறார். அது நடக்கக்கூடியதா? பூங்காவின் ஒரு பகுதியில் சமுதாயக்கூடம் கட்டலாம் என்றும் ஒரு பேச்சு இருக்கிறது.


பதில் 6: நகரமைப்பு வழக்கறிஞர்

கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனெனில் அதில்தான் ஆபத்து இருக்கிறது. பூங்காவுக்கென்று ஒதுக்கிய நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவதை எளிதாக எடுத்துக்கொள்ள முடியாது. பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தில் தனியார் மருத்துவமனை கட்ட அனுமதித்ததை எதிர்த்துக் குடியிருப்பாளர்கள் தொடுத்த வழக்கில், 1991-இல் உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீட்டைச் செல்லாதென்று உறுதிசெய்தது. பெங்களூர் மெடிக்கல் டிரஸ்ட் எதிர் முத்தப்பா என்ற அந்தத் தீர்ப்பு, மருத்துவமனையும் பொதுநலம்தானே என்ற வாதத்தையே ஏற்கவில்லை. தமிழ்நாட்டில் பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் ஆகியவற்றைப் பாதுகாப்பதற்கென்றே 1959-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. சமுதாயக்கூடப் பேச்சு மீண்டும் எழுந்தால், மறுப்பைச் சங்கத் தீர்மானமாக எழுத்தில் பதிவு செய்துவிடுங்கள்.

புதிய இடம் கிடைக்குமா என்றால், உங்கள் பகுதியில் வாய்ப்பு மிகக் குறைவு. புதிதாகக் கட்டுபவர் மனையின் ஒரு பகுதியைப் பொதுத் திறந்தவெளிக்கென விட வேண்டும் என்ற ஒதுக்கீட்டு விதி 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் இருக்கிறது. மனையின் பரப்பு 3,000 சதுர மீட்டரைத் தாண்டினால்தான் பத்து விழுக்காடு ஒதுக்க வேண்டும். 10,000 சதுர மீட்டர் வரை, நிலத்துக்குப் பதிலாக வழிகாட்டி மதிப்பில் பணம் கட்டவும் வழி உண்டு. அதற்கு மேற்பட்டால் நிலமாகவே தர வேண்டும். 3,000 சதுர மீட்டர் என்பது சுமார் பதின்மூன்றரை கிரவுண்டு. மேற்கு மாம்பலத்தில் ஒன்று, இரண்டு கிரவுண்டு வீடுகளை இடித்துத்தான் அடுக்ககங்கள் எழுகின்றன. நூறு அடுக்ககங்கள் வந்து மக்கள்தொகை பெருகினாலும், இந்த விதியால் ஒரு சதுர அடித் திறந்தவெளிகூட அங்கே புதிதாகச் சேராது. பழைய பகுதிகளில் முதியவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள், வெளி மட்டும் வளர்வதில்லை என்பதை இந்த விதியை வகுத்தவர்கள் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2011 கணக்கெடுப்பிலேயே பத்தில் ஒருவருக்கு மேல் அறுபது வயதைக் கடந்தவர். உங்கள் மூத்த உறுப்பினரிடம் இதைச் சொல்லி, இருக்கிற பூங்காவைக் காப்பாற்றிக்கொள்வதே வழி என்று எடுத்துச்சொல்லுங்கள்.

காவலாளிக்கும் கழிப்பறைக்கும் வருகிறேன். இவை கட்டுமானச் செலவு அல்ல, ஆண்டுதோறும் வரும் பராமரிப்புச் செலவு; அதனால்தான் ஒதுங்குகிறார்கள். மனுவில் "கழிப்பறை கட்டித் தருக" என்று மட்டும் எழுதினால், கட்டிப் பூட்டிவிடுவார்கள். பூங்காப் பராமரிப்பு ஒப்பந்தத்தின் நிபந்தனைகளில் கழிப்பறையை நாளுக்கு எத்தனை முறை சுத்தம் செய்வது, எந்த நேரம் திறந்திருப்பது, தண்ணீர் யார் பொறுப்பு என்பவை இடம்பெற வேண்டும் என்று எழுதுங்கள். ஒப்பந்தத்தின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டு வாங்கிச் சங்க அலுவலகத்தில் வைத்திருங்கள். பிறகு மாநகராட்சியின் 1913 என்ற தொலைபேசி எண்ணில் புகார் செய்யும்போது இன்ன நிபந்தனை மீறப்பட்டது என்று குறிப்பிட்டுச் சொல்ல முடியும். கழிப்பறை மேற்கத்திய முறையில், உள்ளே பிடித்து எழக் கைப்பிடியோடு, வெளிப்புறமாகத் திறக்கும் கதவோடு இருக்கட்டும். உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால், உட்புறமாகத் திறக்கும் கதவை வெளியிலிருந்து தள்ளித் திறக்க முடியாது.

பகல் நேரத்துக்கு உடனே முழு வெற்றி கிடைக்காது. மூன்று மாதச் சோதனை முயற்சியாக, பதினொன்று முதல் ஒன்று வரை மட்டும் திறந்து பார்க்கக் கேளுங்கள். அந்த இரண்டு மணி நேரத்தில் வருகிறவர்களின் எண்ணிக்கையைச் சங்கமே குறித்து வரட்டும். அடுத்த ஆண்டு இரண்டாவது காவலாளியைக் கேட்கும்போது கையில் ஏதாவது இருக்கும். மயிலைப் பாட்டி சொன்ன கூட்டத்தை அந்த நேரத்திலேயே கூட்டுங்கள்.

வார்டு குழுக்களும் பகுதி சபைகளும் இப்போது விதிப்படி அமைந்திருக்கின்றன. மனுவை வார்டு உறுப்பினரிடம் தனியாகத் தருவதோடு நிறுத்தாமல், பகுதி சபைக் கூட்டத்தில் வாசித்து நடவடிக்கைக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள். பொறியாளர் ஐயா சொன்ன வழித்தட வேலை பூங்காப் பிரிவின் கையில் இருக்காது, சாலைப் பிரிவின் பொறுப்பு. ஒரே மனுவில் எழுதினால் ஒவ்வொரு பிரிவும் அடுத்ததைக் கைகாட்டும். ஆகவே இரண்டு மனுக்கள் தனித்தனியாக எழுதி, ஒன்றின் நகலை மற்றொன்றோடு இணையுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்பாக, வரைபடம் இறுதியாவதற்கு முன் அதைப் பார்க்கக் கேளுங்கள். உங்கள் தாயாரும், சக்கர நாற்காலியில் வரும் ஒருவரும், பார்வை குறைந்த ஒருவரும் உதவிப் பொறியாளருடன் பூங்காவில் ஒரு மணி நேரம் சுற்றி வந்தால், எங்கே கைப்பிடி வேண்டும், எந்த இருக்கை வெயிலில் நிற்கும் என்பவை அங்கேயே குறிக்கப்பட்டுவிடும். பணி ஆணை கொடுத்து ஒப்பந்தக்காரர் வேலையைத் தொடங்கிய பிறகு, வாயிலின் அகலத்தைப் பத்து சென்டிமீட்டர் மாற்றுவதற்குக்கூடத் திருத்திய மதிப்பீடும் புது ஒப்புதலும் தேவைப்படும்.